வியாகுலமேரியின் மூடடுப்பு

பெரியாற்றில் அணை கட்டத் தொடங்கி ஐந்து வருஷமாகியிருந்தது. மலைக்கு மேலே கல்லை அடுக்கினார்கள். அந்தக் கல்லைப் பிடித்து நிறுத்தும் சாந்துக்காக மலைக்குக் கீழே செங்கல்லைச் சுட்டு, இடித்து, மாவாக்கி, மாட்டுவண்டியில் மேலே அனுப்பினார்கள். கூடலூரைத் தாண்டி, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் அதற்காகவே மூன்று சூளைகள் புகைந்துகொண்டிருந்தன. நடுச்சூளையில் விறகு சுமந்து தீவாயில் தள்ளுகிற வேலை வியாகுலமேரிக்கு.

முப்பது வயதிருக்கும் அவளுக்கு. ராயப்பன்பட்டியில் பிறந்து ராயப்பன்பட்டியிலேயே வாக்கப்பட்டவள். புருஷன் அமிர்தராஜ் அதே சூளையில் கல் அடுக்குகிறவன். பத்து வயது மகள் பாக்கியத்தை மாமனார் மரிய ஜோசப் வீட்டில் விட்டுவிட்டு, இருவரும் முகாமில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு இருந்தார்கள். வெயில் ஏறிக் காய்ச்சல் பருவம் வந்தால் வேலை நின்றுவிடும். அப்போது ஊருக்குப் போவார்கள். நடுவில் கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு ஒரு முறை. ஒரு பகல் முழுக்க நடை.

வேலையில் அவளைக் குறை சொன்னவர் கிடையாது. அவள் கேட்கிற கேள்விகளைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. சூளையின் நடுவில் வெந்த கல் ஏன் ஓரத்துக் கல்லைவிடச் சிவப்பாக இருக்கிறது? தீயை நிறுத்தி இரண்டு நாளான பிறகும் சூளைக்குள் கை வைக்க முடியவில்லையே, அந்தச் சூட்டை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? ஆறிக்கொண்டிருக்கிற சூளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சீனிக்கிழங்கைச் செருகி வைத்து, எது எப்போது வேகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். சூளை மேஸ்திரி கருத்தக்கண்ணன் அவளைக் கண்டாலே வேறு பக்கம் நடப்பார்.

முகாமுக்குக் கூப்பிடு தூரத்தில் சாமான் கிடங்குத் துரையின் பங்களா. அந்தப் பங்களாவின் சமையல்கட்டான குசினிக்கு வாரம் இரண்டு சுமை காய்ந்த விறகு அவள்தான் கொண்டு போவாள். குசினி தனியாகப் பின்புறம் இருந்தது. அங்கே ஞானமுத்து பட்லர் ராஜ்யம். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், புரொட்டஸ்டண்டு சபைக்காரர், துரையோடு நாலு ஜில்லா சுற்றியவர். நெட்டையான ஆள், வெள்ளைக் கோட்டில் மஞ்சள் கறை படாமல் சமைப்பதில் அவருக்கு ஒரு பெருமை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அவள் விறகைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பட்லர் ஒரு செம்மறி ஆட்டின் பின்னந்தொடை முழுவதையும் மேசைமேல் கிடத்தி, உப்பும் மிளகுப்பொடியும் தேய்த்துக்கொண்டிருந்தார். வெட்டப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் வெட்டவில்லை. கொழுப்பைப் பரத்தி மேலே போட்டார், சணல் கயிற்றால் கட்டினார், இரும்புத் தட்டில் தூக்கி வைத்தார்.

"வெட்ட மறந்துட்டீகளா, பட்லரய்யா?"

"வெட்டுறதில்ல மேரி. இது ரோஸ்ட்டு. முழுசாத்தான் உள்ள போவும், முழுசாத்தான் மேசைக்குப் போவும்."

தண்ணீர் எங்கே என்று கேட்டாள். தண்ணீர் கிடையாது என்றார். அப்படியானால் நடு எலும்பு வரைக்கும் எப்படி வேகும் என்று கேட்டாள். வேகும் என்றார். மேலே கருகிப் போகாதா என்று கேட்டாள். அவர் குசினிக்கு வெளியே கவிழ்த்த பானை மாதிரி நின்ற மண் அடுப்புக்குள் தட்டைத் தள்ளி, இரும்பு மூடியைச் சாத்திவிட்டார்.

அன்று முழுவதும் அவளுக்கு அதுவே நினைப்பு. அவள் அறிந்த கறி, தீயைப் பார்க்குமுன்னே துண்டாகிவிடும். விரல் நீளத்துக்கு வெட்டி, மசாலாவில் புரட்டி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுவார்கள். தீ சட்டியைச் சுடும், சட்டி தண்ணீரைச் சுடும், தண்ணீர் கறியை வேகவைக்கும். அதில் புரியாதது ஒன்றும் இல்லை. இங்கே தண்ணீரும் இல்லை, வெட்டும் இல்லை. தொடை நடுவில் இருக்கிற சதைக்கு, தான் தீக்குள் இருக்கிறோம் என்பதை யார் போய்ச் சொல்வது?

அதற்குப் பிறகு போன ஒவ்வொரு முறையும் மண் அடுப்பு மூடிக் கிடந்தது, அல்லது தட்டு மேசைக்குப் போய்விட்டிருந்தது. ஒரு தடவை எச்சில் எலும்பைப் பார்த்தாள். எலும்பை ஒட்டின சதை இளஞ்சிவப்பாக இருந்தது. பச்சையா என்று நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். பச்சை இல்லை. வெந்ததும் இல்லாத மாதிரி இருந்தது. அவளுக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆனபோது, காலம் தப்பிய மழை ஒன்று பள்ளத்தாக்கில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் வியாழக்கிழமை. காலையில் அவள் விறகோடு போனபோது ஞானமுத்து பட்லர் குடையைக்கூடப் பிடிக்காமல் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். மண் அடுப்பு கரைந்து, இடிந்து, சேறாகக் கிடந்தது. திருநாளுக்கு இன்னும் மூன்றே நாள்.

விஷயத்தை அவர் தன்னை மறந்து கொட்டினார். திருநாளன்று மேல்முகாமிலிருந்து பன்னிரண்டு துரைமார் சாப்பிட இறங்கி வருகிறார்கள். யானைக்குப் பயந்து, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி ஏற வேண்டும் என்பதால் மத்தியான விருந்து. துரைசானி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இடுப்பும் இரண்டு பின்னந்தொடையும் பிரிக்காமல் ஒரே துண்டாக, ஆட்டில் பாதியை அப்படியே ரோஸ்ட்டு போட்டு மேசை நடுவில் வைக்க வேண்டும்.

"அதுக்குப் பேரு பேரன்" என்றார் பட்லர்.

"யாரு பேரன்?"

"யாரு பேரனும் இல்ல. இங்கிலீஷ்ல அதுக்கு அப்பிடித்தான் பேரு. அவங்க ஊர்ல பெரிய மனுஷன் பட்டம்."

குழம்பு வைத்தால் போதாதா என்று துரை கேட்டாராம். துரைசானி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். கூடலூரில் ஒரு கொத்தனார் இருக்கிறார், ஆள் அனுப்பினார்கள், அவர் சின்னமனூரில் ஏதோ கலியாண வீட்டில் இருக்கிறாராம்.

வியாகுலமேரி சேற்றைச் சுற்றி வந்தாள். இடிந்த சுவரின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். எவ்வளவு கனம், எந்தப் பக்கம் வாய், புகை போக வழி உண்டா இல்லையா என்று பார்த்தாள். சூளையிலிருந்து செங்கல் கொடுத்தால் மழைக்குக் கரையாத ஒன்றை நான் கட்டித் தருகிறேன் என்று சொன்னாள். பட்லர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு வேறு வழி இல்லை.

என்ன கூலி வேண்டும் என்று துரை பட்லர் மூலம் கேட்டனுப்பினார். மேசையில் வைத்து வெட்டும்போது உள்ளே எப்படி இருக்கிறது என்று தான் பார்க்க வேண்டும், அது போதும் என்றாள். அதை எப்படித் துரைக்கு இங்கிலீஷில் சொல்வதென்று பட்லர் யோசித்துக்கொண்டே போனார்.

துரையின் சீட்டைப் பார்த்துக் கருத்தக்கண்ணன் முந்நூறு கல் எண்ணிக் கொடுத்தார். அவள் ஈர மணலைக் குவியலாகக் குவித்து, பேரன் எவ்வளவு அகலம் என்று பட்லர் கை விரித்துக் காட்டியதைவிட ஒரு சாண் கூட வைத்து, அந்தக் குவியலின் மேலேயே கல்லை வளைத்து அடுக்கினாள். புற்றுமண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்த சேறுதான் சாந்து. பக்கச் சுவர் நின்றது. வாய்ப்பக்கத்து வளைவு மட்டும் நிற்கவில்லை. இரண்டு தரம் சரிந்தது.

சாயங்காலம் அமிர்தராஜ் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். கையெல்லாம் சேறாக அவள் நிற்பதைப் பார்த்தான்.

"விடிஞ்சதும் கெளம்பணும். தெரியும்ல?"

"நீங்க முன்னால போங்க. நான் பொறத்தாலயே வாரேன்."

"திருநா முடிஞ்சப்புறம் வந்து என்ன செய்யப் போற? புள்ள கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அவளுக்கு ஒரு நொடி பாக்கியத்தின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. புதுச் சிற்றாடை எடுத்து வைத்திருந்தாள். அதை அவள் கையால் கட்டிவிட வேண்டும் என்று இருந்தாள். துரைக்குப் பயந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், அமிர்தராஜ் நம்பியிருப்பான். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அது உள்ள எப்பிடி வேகுதுன்னு பாக்கணும்" என்றாள்.

அமிர்தராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, சரிந்த வளைவைப் பிரித்தான். சூளையின் தீவாய்க்கு வைக்கிற மாதிரி, கல்லை ஓரம் சீவி, இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்த்து ஏற்றி, உச்சியில் ஒரு ஆப்புக் கல்லை இறுக்கினான். வளைவு நின்றது. கையைக் கழுவிக்கொண்டு போனான். மறுநாள் விடியும்போது ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி ஆட்களோடு அவனும் சேர்ந்து கிளம்பிவிட்டான். துணியால் சுற்றிய சிற்றாடை அவன் மூட்டையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க உள்ளே சின்னத் தீயாகப் போட்டு அடுப்பைக் காயவைத்தாள். மணலை அள்ளியாயிற்று. சுவரில் மயிரிழை போல இரண்டு வெடிப்பு விட்டது, மண் பூசினாள். சனிக்கிழமை காலையில் பட்லர் ஒரு தொடையைக் கொடுத்து முதலில் இதில் பார் என்றார்.

சூளையில் தீ எரிய எரியத்தான் கல் வேகும். ஆகையால் அவள் ஒரு ஓரத்தில் தீயை விட்டுவைத்து மறு ஓரத்தில் தட்டைத் தள்ளினாள். அரை மணி நேரத்தில் எண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது. எடுத்துப் பார்த்தால் தொடை கரிக்கட்டை. வெட்டினால் உள்ளே ரத்தம். பட்லர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் உட்காரவில்லை. அந்தக் கரிந்த தொடையை நறுக்கி நறுக்கிப் பார்த்தாள். மேலே ஒரு விரற்கடை கருப்பு, அதற்குக் கீழே ஒரு விரற்கடை பழுப்பு, அப்புறம் பச்சை. சூடு உள்ளே நடந்துதான் போயிருக்கிறது, ஓடவில்லை. பக்கத்தில் எரிந்த தீ அவசரப்பட்டதால் அது போய்ச் சேருமுன் மேற்புறம் கெட்டுவிட்டது. சூளை ஆறும்போது செருகிய கிழங்கு எப்போதும் தோல் கருகாமல் வெந்ததே என்று அப்போது அவளுக்குப் பிடிபட்டது. வேகவைப்பது தீ இல்லை. தீயைக் குடித்த சுவர். தீ தன் வேலையை முன்னாலேயே முடித்துவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

நாலு மணி நேரம் நல்ல புளிய விறகாகப் போட்டு எரித்தாள். உள்சுவரில் படிந்த கரி தானே எரிந்து கல் வெளுத்தது. கங்குகளை எல்லாம் வாரி வெளியே தள்ளி, ஈரக் கோணியால் தரையைத் துடைத்து, வாயை மூடிக் கொஞ்சம் அடங்கவிட்டாள். இனி எவ்வளவு சூடு இருந்தால் சரி? ஒரு பிடி தவிட்டை எறிந்தாள். உடனே கருகியது. பொறுத்தாள். மறு பிடி மெல்லச் சிவந்தது. இதை நாளைக்கும் சரியாக அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டுமே என்று, கையை உள்ளே நீட்டி, மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரம் சொன்னாள். பாதி மந்திரம் முடிந்து, "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று தொடங்கும்போது கையை எடுக்க வேண்டியிருந்தது. அதுதான் பதம் என்று மனதில் முடிச்சுப் போட்டாள்.

பட்லர் கொடுத்த இரண்டாவது தொடையை உள்ளே வைத்து, மூடியைச் சுற்றிச் சேறு அப்பி, செபமாலையை எடுத்தாள். ஐம்பத்துமூன்று மணி முடிந்தால் ஒரு மாலை. நாலு மாலை சொல்லித் திறந்தாள். தட்டு வெளியே வந்தபோது பட்லர் எழுந்து நின்றார். தோல் எல்லாம் பொன்னிறமாக, சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொரிந்து சீறிக்கொண்டிருந்தது. அவள் கத்தியை எடுத்தபோது அவர் தடுத்தார். கொஞ்ச நேரம் துணி போட்டு மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாறெல்லாம் பலகைக்குப் போய்விடும் என்றார். ஏன் என்று கேட்டாள். அது அவருக்கும் தெரியவில்லை. அவருடைய எஜமானிகளில் யாரோ சொன்னது.

வெட்டினார். உள்ளே ஓரத்திலிருந்து எலும்பு வரை ஒரே இளஞ்சிவப்பு. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். இன்னொரு துண்டை அவளிடம் நீட்டினார்.

அன்று திருநாளுக்கு முந்தின நாள். பட்லரின் சபையில் அது எல்லா நாளும் போல ஒரு நாள். கத்தோலிக்கக் குடும்பத்து ராயப்பன்பட்டிக்காரிக்கு ஒருசந்தி, சுத்தபோசனம்; மாமிசம் நாக்கில் படக்கூடாது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை என்பதால் அன்றும் இல்லை. கையை எட்ட நீட்டினால் கிடைக்கும் தூரத்தில், ஒரு மாதமாக மண்டையைக் குடைந்த கேள்விக்குப் பதில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் விரலால் சதையை அழுத்திப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், எலும்போரத்தில் கிள்ளிச் சாற்றை நகத்தில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தாள். சாறு தெளிவாக இருந்தது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

"தஞ்சாவூர்ல கலெக்டர் வீட்ல இப்பிடி வரல" என்றார் பட்லர்.

திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாமம் முடிந்து ராயப்பன்பட்டிக் கோயிலில் பூசை நடந்திருக்கும், பாக்கியம் சிற்றாடையைத் தானே கோணல்மாணலாகக் கட்டிக்கொண்டு தாத்தாவோடு நின்றிருப்பாள் என்றெல்லாம் நினைத்தபடி, விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்தாள். ஆனால் பேரனை இரண்டு பேராகத் தூக்கி வந்து வைத்தபோது, அந்த நினைப்பு கொஞ்ச நேரம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டின் பின்பாதி முழுவதும் ஒரே உருவாக, இரண்டு கால்களையும் மடக்கி, முதுகு மேலே கொழுப்பைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. தொடைக்கு நாலு மாலை என்றால் இதற்கு எத்தனை? கனத்தைவிட, சூடு நடக்க வேண்டிய தூரம்தான் கணக்கு என்று அவளுக்குத் தோன்றியது. அதிகம் போனால் இரண்டு பங்கு தூரம். எட்டு மாலை என்று முடிவு செய்து, நடுவில் இரண்டு முறை திறந்து உருகின கொழுப்பை அள்ளி மேலே ஊற்ற மட்டும் பட்லருக்கு அனுமதி கொடுத்தாள்.

மேசை பங்களாவின் பெரிய அறையில். அவளைப் பின்வராந்தாக் கதவோரம் நிறுத்தினார்கள். பன்னிரண்டு துரைமாரும் வெயிலில் காய்ந்து சிவந்த முகங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்குக் காய்ச்சலில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பட்லரும் இன்னொருவரும் தட்டைத் தூக்கி வந்தபோது பேச்சு நின்றது. ஒருவர் எழுந்தார், பிறகு எல்லோரும் எழுந்தார்கள்.

அவள் எதிர்பார்க்காத ஒன்று அடுத்து நடந்தது. பட்லர் வெட்டிப் பரிமாறுவார் என்றுதான் நினைத்திருந்தாள். வீட்டுக்கார துரையே கோட்டுக் கையைச் சுருக்கிவிட்டு, நீளக் கத்தியை ஒரு இரும்புக் கம்பியில் தீட்டி, நின்றுகொண்டே வெட்டத் தொடங்கினார். விருந்தாளிகள் உட்கார்ந்திருக்க, வீட்டில் பெரியவர் நின்றார். நாரின் குறுக்கே, தாள் கனத்துக்கு, ஒவ்வொரு துண்டாகச் சாய்ந்து விழுந்தது. உள்ளே அதே இளஞ்சிவப்பு, எலும்பு வரைக்கும், இரண்டு பக்கமும். துரைசானிக்கு முதல் துண்டு. துரைக்குக் கடைசி.

துரைசானி திரும்பிப் பார்த்துக் கதவோரம் நின்றவளிடம் ஏதோ சொன்னாள். வியாகுலமேரிக்கு விளங்கவில்லை. நல்லா பார்த்துக்கோ என்கிறாங்க என்று பட்லர் காதோரம் சொன்னார். அவள் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

குசினியில் பட்லர் அவளுக்குத் தனியே எடுத்து வைத்திருந்தார். அவள் மென்றாள். முதலில் ஏமாற்றமாக இருந்தது. உறைப்பில்லை, புளிப்பில்லை, உப்பும் மேலோடுதான். விழுங்குவதற்குள் வேறொன்று தெரிந்தது. ஆட்டுக்கறி என்று இத்தனை வருஷமாகத் தான் தின்றதெல்லாம் மல்லியும் மிளகாயும்தான், ஆட்டின் ருசி இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள். பல்லுக்கு இதமாக இருந்தது. சாறு நாக்கில் நின்றது. இரண்டாவது துண்டைத் தின்றாள். சிவப்பாக இருக்கிறதே என்ற கூச்சம் மட்டும் மிச்சமிருந்தது. மிளகை உள்ளே செருகினால் என்ன, பூண்டைச் செருகினால் உள்ளே போகுமா, உப்பு எவ்வளவு ஆழம் நடக்கும் என்று அடுத்த கேள்விகள் வரிசையில் நின்றன.

அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது திருநாள் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. பாக்கியம் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அமிர்தராஜ் பேசவில்லை. மாமனார் மரிய ஜோசப், திருநாள் பூசைக்கு வராமல் வெள்ளைக்காரன் அடுப்பைக் காத்தவள் என்று சொல்லி, அவள் கையால் தண்ணீர் வாங்காமல் இருந்தார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பூசை தவறியதைச் சொன்னாள். அடுப்புச் சூட்டைப் பார்க்கப் பிரியதத்த மந்திரத்தைச் சொன்னதையும், ஆடு வேக எட்டு செபமாலை சொன்னதையும் சொன்னாள். பங்குச் சாமியார் காதைக் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"தொடைக்கு எத்தனை மாலை?" என்று கேட்டார்.

"நாலு, சாமி."

பூசை தவறியதற்கு அபராதமாக நாலு செபமாலை சொல்லச் சொன்னார். அடுப்பு இல்லாத இடத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தவசு நாற்பது நாளும் மாமிசம் இல்லை. வெயில் ஏறி முகாம் கலைந்து எல்லோரும் ஊர் வந்திருந்தார்கள். தவசின் கடைசி வாரமான பெரிய வாரத்தில் அவள் வீட்டுக் கொல்லையில் கல்லை வளைக்கத் தொடங்கினாள். வளைவு வைக்க வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அரை நாள் போனது. அமிர்தராஜ் பக்கத்தில் வந்து நின்றான். இந்த வாய் அகலம் போதாது, புகை முட்டும் என்றான். மூன்று மாதத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவனே வைத்துக் கொடுத்தான்.

உயிர்த்த ஞாயிறுக்கு வீட்டு வெள்ளாட்டுக் கிடாயின் ஒரு தொடையை முழுசாகக் கேட்டாள். வீட்டில் சண்டை வந்தது. மாமியார் அன்னத்தாய்க்கு அதில் பயம். பத்துப் பதினைந்து பேர் கூடுகிற நாளில் ஒரு தொடை கெட்டுப்போனால் யாருக்கு என்ன போடுவது? கடைசியில் மற்றதையெல்லாம் குழம்புக்கு எடுத்து, தொடையை மட்டும் கொடுத்தார்கள். அவள் கத்தி முனையால் சதையில் குத்திக் குத்தி, தட்டின மிளகும் பூண்டும் உப்பும் உள்ளே செருகினாள். மலையிலிருந்து கொண்டு வந்த நாலு ஏலக்காயை நெய்யில் இடித்து மேலே தடவினாள். வெள்ளாடு கெட்டிச் சதை. அதோடு இந்த ஊரில் சிவப்பு தெரிந்தால் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். அதனால் சூட்டைக் குறைத்து, ஆறு மாலை வைத்தாள்.

எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குள் பனையோலைப் பாய்மேல் வைத்தபோது வாசல் வரைக்கும் ஆள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் கூட, அவர்கள் வேறு தெய்வம் கும்பிடுகிறவர்கள், வாசனை பிடித்து எட்டிப் பார்த்தாள். வழக்கப்படி வீட்டில் பெரியவர்தான் பங்கு வைக்க வேண்டும். மரிய ஜோசப் அரிவாளை எடுத்தார். முழுத் தொடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எலும்பில் போட்டால் சிதறும். சதையில் போட்டால் யாருக்கோ மொத்தமாகப் போய்விடும். ஆண்பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கிழவரின் கை நின்ற இடத்திலேயே நின்றது.

"அவ அறுக்கட்டும்" என்றான் அமிர்தராஜ். "அவளுக்குத்தான் எங்கன அறுக்கணும்னு தெரியும்."

மரிய ஜோசப் அரிவாளை ஓரமாக வைத்தார். வியாகுலமேரி சின்னக் கத்தியை எடுத்து, நாருக்குக் குறுக்கே மெல்லிசாகச் சீவத் தொடங்கினாள். உட்காரத் தோன்றவில்லை, முட்டியிட்டு நின்றாள். உள்ளே பழுப்பாக, ஈரமாக, மிளகு புள்ளி வைத்த மாதிரி இருந்தது. முதல் துண்டை மாமனார் இலையில் வைத்தாள். அவர் தின்று முடிக்கும்வரை பந்தி அவர் வாயையே பார்த்தது.

"உப்பு எலும்பு வரைக்கும் போயிருக்கே" என்றார் மரிய ஜோசப். "எப்பிடிப் போச்சு?"

மூன்று மாதத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் வெட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனாள். ஒரு தொடை பதினேழு பேருக்கு வந்தது. அன்னத்தாய் வெறும் எலும்பை எடுத்து ரசத்தில் போட்டாள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அணை முடிந்தது. பள்ளத்தாக்கில் தண்ணீர் வந்தது, சூளைகள் அணைந்தன. அமிர்தராஜ் குத்தகைக்கு நெல் போட்டான். வியாகுலமேரி வயலுக்குப் போகாத நாட்களில் கொல்லை அடுப்புக்கு வேலை இருந்தது. முதலில் சொந்தக்காரர்கள், பிறகு ஊர், அதன் பிறகு உத்தமபாளையம் வரைக்கும், திருநாளுக்கும் கலியாணத்துக்கும் முழுத்தொடை கொண்டு வந்தார்கள். பன்றித் தொடை கொண்டு வந்தவர்களுக்கு அதில் கொழுப்புக் கனத்ததால் ஒன்பது மாலை என்று கண்டுபிடித்தாள். கேட்டவர்கள் எல்லோருக்கும் மறைக்காமல் சொன்னாள். ஆனால் கையை அடுப்புக்குள் நீட்டிப் பாதி மந்திரம் வரை பொறுக்க மற்றவர்களுக்கு வரவில்லை. அவர்கள் கை முன்னாலேயே வந்துவிட்டது. ஆகவே அடுப்பு ஊரில் நாலு வீட்டில் எழும்பியும் கூட்டம் அவளிடமே வந்தது.

போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி சுந்தர்ராஜ் ஒரு மார்கழியில் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வண்டியில் ஒரு பெரிய கூடை. மூடியைத் திறந்தால், கழுத்தில் சிவப்புச் சதை தொங்க, ஆட்டுக்குட்டி கனத்துக்கு ஒரு பறவை. மதுரையில் ஒரு துரை வீட்டில் வளர்த்ததாம், வான்கோழியாம். இரண்டு நாள் கழித்துத் தன் வீட்டு விருந்துக்கு இதை முழுசாக வேகவைத்துத் தர வேண்டும் என்றார். முடியுமா என்று கேட்டார்.

வியாகுலமேரிக்கு அப்போது தலையில் பாதி நரைத்திருந்தது. அவள் பறவையைக் கூடையிலிருந்து தூக்கி, நெஞ்சை அமுக்கிப் பார்த்தாள், தொடையை அமுக்கிப் பார்த்தாள், இறக்கையை விரித்து அடியில் கை வைத்தாள். நெஞ்சு தடிமன், கால் மெலிவு; இரண்டும் ஒரே நேரத்தில் வேகாதே என்று முணுமுணுத்தாள். பிறகு சுந்தர்ராஜைப் பார்த்து, இது என்ன தின்னும் என்று கேட்டாள்.